கண்ணாடி இல்லாத மலை

என் அப்பா இருபத்தாறு வருஷமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். வண்டியில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை என்று வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லிவிடுவார், யாரும் விசாரிக்காவிட்டாலும். நாலு விநாடிக்கு ஒருமுறை கண்ணாடியைப் பார்க்கிற பழக்கம் ஊறிப்போய், சாப்பிடும்போதுகூடத் தலை நிமிர்ந்து நிமிர்ந்து தாழும். "பின்னாடி லாரி ஒண்ணும் வரல, சாப்பிடுங்க" என்பாள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் மலை ஏறக் கிளம்பிவிடுவார். ஊரே படிக்கட்டு கட்டிய பெரிய மலைக்குப் போனால், இவர் அதற்குப் பின்னால் இருக்கிற மொட்டை மலைக்குப் போவார். துணைக்கு ஹாரன். குரைத்தால் தெருவே எழுந்துவிடும் என்பதால் எங்கள் நாய்க்கு அவரே வைத்த பெயர் அது. "பெரிய மலையில ஆளாளுக்குப் பேச்சு குடுப்பாங்கம்மா, நிம்மதியே இருக்காது." ஒரு வருஷமாக மனுஷர் இப்படித்தான். பாதிப் பேச்சில் எழுந்து போய்விடுவார். வயசானால் வரும் திமிர் என்று நானும் விட்டுவிட்டேன்.

அன்றைக்கு நானும் கூடப் போனேன். உச்சிக்குக் கொஞ்சம் கீழே, பாறைச் சரிவை ஒட்டி ஒரு ஆள் நடக்கத்தான் வழி. அவர் முன்னால், ஹாரன் நடுவில், நான் கடைசி. என் காலுக்கடியில் கல் பெயர்ந்தது.

சறுக்கிக்கொண்டே போய் ஒரு புதரின் வேரைப் பிடித்துத் தொங்கினேன். கீழே பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. "அப்பா!" என்று அலறினேன். பத்தடி தூரத்தில் அவர் முதுகு. அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அடிவயிற்றிலிருந்து மறுபடி கத்தினேன். ஹாரன் விளிம்பில் நின்று தொண்டை கிழியக் குரைத்தது. அவர் பழக்கத்தில் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார். அங்கே கண்ணாடி ஏது? மறுபடி நடந்தார்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பெற்ற பெண் உயிருக்குக் கத்துகிறேன், திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாரா? வேர் மண்ணோடு இளக ஆரம்பித்தது. அப்புறம்தான் பயம் வந்தது.

ஹாரன் குரைப்பதை நிறுத்திவிட்டு ஓடிப்போய் அவர் பேன்ட்டைக் கவ்வி இழுத்தது. "அட, விடுடா" என்று உதறியபடி திரும்பியவர், நான் இல்லாததைப் பார்த்தார். ஓடி வந்து குப்புறப் படுத்து என் மணிக்கட்டைப் பிடித்தார். என்னை மேலே இழுத்துப் போட்டார்.

"ஏம்மா, ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கக் கூடாதா?"

"கூப்பிட்டேனேப்பா" என்றேன். ஹாரன் அவர் காதருகே நின்று இன்னும் குரைத்துக்கொண்டிருந்தது. அவர் என் வாயையே பார்த்தார். ஒரு வருஷத்துத் திமிர் என்னவென்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

முகத்துக்கு நேராகப் போய்க் கேட்டேன். "எத்தனை நாளாப்பா?"

"போன வருஷம் இடது காது. இப்போ ரெண்டும்."

"அப்போ பஸ்?"

"கூட வர்ற ஆயாம்மா கையைத் தூக்குனா கண்ணாடியில தெரியும். சமாளிச்சுட்டேன்."

இறங்கும்போது என்னை முன்னால் விட்டார். அடிவாரம் வந்ததும், ஞாயிற்றுக்கிழமைகூடக் கழற்றாத பேருந்துச் சாவியை இடுப்பிலிருந்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"நாளைக்கு நீயே ஸ்கூல்ல குடுத்துடும்மா. கண்ணாடியில தெரியாத இடத்துலயும் புள்ளைங்க நிக்கும்."