கடைசி அத்தியாயம் எனக்கு

இந்த ஊரில் ஒரு நாவலைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் பேசத் தொடங்குகிறார்கள். ஜெர்மனியின் ஒரு சிற்றூர் நூலகத்தில் மாதம் ஒரு புதன்கிழமை கூடும் லெஸெக்ரைஸ், அதாவது வாசகர் வட்டம். எல்லாரும் வீட்டிலேயே படித்து முடித்துவிட்டு வருவார்கள். இம்முறை நாவலைத் தேர்ந்தெடுத்தது நான். ஹெல்கா கேக்கை வெட்டிக்கொண்டே, "அவள் சாகத்தான் வேண்டுமா?" என்று ஆரம்பித்தாள். "தயவுசெய்து முடிவைச் சொல்லாதீர்கள்" என்று என் வாய் முந்திக்கொண்டது. ஹெல்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "நீ இன்னும் முடிக்கவில்லையா? பரவாயில்லை, ஜெர்மன் கஷ்டம்தான்." நான் எப்போதோ முடித்திருந்தேன். விளக்கத் தெரியாமல் கேக்கைச் சாப்பிட்டேன்.

செஞ்சியில் நான் ஆரம்பித்த வட்டத்துக்கு ஒரே சட்டம். யாரும் முன்னால் போய்ப் படிக்கக் கூடாது, முடிவைச் சொல்லவும் கூடாது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தையல் கடை மாடியில் ஞாயிறு மாலை கூடுவோம். பழைய நாவல்கள் கடையில் கிடைப்பதில்லை, இருப்பது ஒரே பிரதி. அதனால் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பார்கள். ஒருவர் என்றால் நான்தான். கீழே வல்லம் பஸ் ஹாரன் அடித்ததும் பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள். எந்த இடமானாலும் நிறுத்த வேண்டியதுதான். ரிட்டையர்டு கண்டக்டர் முனுசாமி சுவரில் சாய்ந்து தூங்குவார். வல்லத்திலிருந்து வரும் அங்கன்வாடி டீச்சர் பரிமளா கதவோரம் உட்கார்ந்து வாயே திறக்க மாட்டாள். கணவரின் வேலைக்காக நான் கிளம்பியபோது இதே நாவலின் தமிழ் மொழிபெயர்ப்பு பாதியில் நின்றது. வம்பு பண்ண மாட்டாள் என்று அவளிடமே புத்தகத்தைக் கொடுத்தேன். கடைசி அத்தியாயத்தை மட்டும் லீவில் வந்து நான்தான் வாசிப்பேன் என்றும் சொல்லிவிட்டு வந்தேன். லீவு இந்த வருடமும் அமையவில்லை.

அந்தப் புதன் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, இங்கே மதியச் சாப்பாட்டு நேரத்தில், பரிமளா வீடியோவில் கூப்பிட்டாள்.

"அக்கா, கடைசி அத்தியாயத்துக்கு வந்துட்டோம். எல்லாரும் புடுங்குறாங்க. நீங்க வர்றீங்களா, நானே படிச்சிடட்டுமா?"

பின்னாலிருந்து முனுசாமி எட்டிப் பார்த்தார். "இன்னா மேடம், அந்தப் பொண்ணு பொழச்சுக்குமா இல்லியா? அத மட்டும் சொல்லிடுங்க. தூக்கமே வர்ல."

என் வாசிப்புக்குத் தூங்கிய மனிதர். எனக்கு வயிறு எரிந்தது. பரிமளா நன்றாக வாசிக்கிறாள் என்று ஊரிலிருந்து பேசுகிறவர்கள் எல்லாரும் சொல்லியாகிவிட்டது. நான் யாரையும் கேட்கவில்லை. "காத்திருங்க" என்றேன். "அடுத்த வருஷம் வந்துடுவேன்."

அவள் முகம் சுளித்திருந்தால், கொஞ்சம் சண்டை போட்டிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

"சரிக்கா" என்றாள். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "அக்கா வர்ற வரைக்கும் முதல்லேர்ந்து படிக்கலாமா?" என்றாள். எல்லாரும் சரி என்றார்கள். முனுசாமியின் குரல்தான் பலமாகக் கேட்டது.

போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்துவிட்டு முதல் பக்கத்தைப் பிரித்தாள். கதாநாயகி இளம்பெண்ணாக, புது உடையில், விருந்து வீட்டு வாசலில் வந்து இறங்கினாள். என் தட்டில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. வல்லம் பஸ் ஹாரன் அடித்தது. நாற்காலி நகரும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டேன். யாரும் எழுந்திருக்கவில்லை. அந்த பஸ்ஸில் போக வேண்டிய பரிமளாவே நிறுத்தாமல் வாசித்துக்கொண்டிருந்தாள். இந்த ஊரில் புதன்கிழமையே செத்துப்போனவள், செஞ்சியில் என் பொறாமையால் உயிரோடு இருக்கிறாள். பரிமளாவின் குரலில் சிரிக்கிறாள்.