குளம் என்றதும் சிரித்தார்கள்

நாலு வருஷத்துக்கு முந்தைய கார்த்திகை மாசம். தியாகதுருகம் பக்கத்தில் எங்கள் ஊர். கல்வராயன் மலையில் விடாத மழை. மலையில் பெய்தால் எங்கள் ஏரிக்குத்தான் வந்து சேரும். ஏரிக்கரைக்குக் கீழே முதல் தெரு எங்களுடையது. அந்தப் பக்கம், மேட்டில், இலங்கையிலிருந்து வந்தவர்களின் முகாம். தண்ணீர் அங்கே ஏறவே ஏறாது.

அன்று காலை டீக்கடைக்குப் பால் ஊற்றப் போயிருந்தேன். கரையில் கட்டிய ஆட்டை அவிழ்க்கப் போன முகாம் அக்கா ஒருவர், முழங்கால் சேற்றோடு ஓடி வந்தார். "குளம் உடையப் போகுது! கெதியா வாங்கோ!" என்று கத்தினார். பதற்றத்தில் அவர் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எங்கள் ஊரில் குளம் என்றால் கோயில் குளம், கல் கட்டியது. "கொளம் எங்கியாச்சும் ஒடையுமா? இன்னா ஒளர்றே?" என்றார் ஊர்ப் பெரிய மனுஷர் ஒருவர். டீ கிளாஸைக்கூடக் கீழே வைக்கவில்லை. அந்த அக்கா அழாத குறையாக நின்றார். "எங்கக்கா பாத்தீங்க?" என்று நான் கேட்டதும் ஏரிப் பக்கம் கையை நீட்டினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் நாட்டில் ஏரியைத்தான் குளம் என்பார்களாம். இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தும் இது எங்களில் ஒருத்தருக்கும் தெரியவில்லையே!

"அய்யோ, ஏரியச் சொல்றாங்க! எந்திரிங்கண்ணே!" என்று நான் போட்ட சத்தத்தில்தான் அசைந்தார்கள்.

மதகு ஓரத்தில் கரை கசிந்து மண் கரைந்துகொண்டிருந்தது. அந்த அக்கா முகாமில் சொல்லிவிட்டுத்தான் எங்களிடம் வந்திருந்தார். அவர்கள் ஆட்கள் அதற்குள் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ரேஷன் அரிசிச் சாக்கு, தலையணை உறை, கையில் கிடைத்ததிலெல்லாம் மண். எங்கள் ஆட்களும் இறங்கினார்கள். மதியத்துக்குள் கசிவு நின்றது. என் பிள்ளைகளின் பாடப்புத்தகம்கூட நனையவில்லை.

அடுத்த வாரம் ஏரியைப் பார்த்துக்கொள்ள ஊரில் குழு போட்டார்கள். அந்த அக்காவையும் சேர்க்கலாம் என்றேன். அதே பெரிய மனுஷர், "அதுங்க அகதிங்கம்மா. இன்னிக்கு இருக்கும், நாளைக்குப் போவும். ஊரு விசயத்துல அதுங்களுக்கு இன்னா வேலை?" என்றார்.

இங்கே வந்தபோது அந்த அக்கா சின்னப் பெண். இப்போது பேரன் எடுத்துவிட்டார். இன்னும் எந்த நாளைக்குப் போகப் போகிறார்? "மூட்ட தூக்க மட்டும் அவங்க வேணும், பேச வேணாமா? உங்க வூட்ல தண்ணி பூந்திருந்தா இப்படிச் சொல்லுவீங்களா?" என்று எழுந்து கேட்டேன். "பொம்பள சும்மா இரும்மா" என்று வாயை அடைத்தார்கள். நான் வெளியே வந்துவிட்டேன். எங்கள் தெருப் பெண்களும் கூடவே வந்துவிட்டார்கள்.

குழுவில் இன்றுவரை முகாம் ஆள் ஒருவர்கூடக் கிடையாது. அந்தக் குழு கரைக்கு வந்து நான் பார்த்ததும் கிடையாது. மழை வலுத்தால் அந்த அக்காவும் எங்கள் தெருப் பெண்களும்தான் கரையில் நடந்து பார்க்கிறோம். போக்கிடம் இல்லாமல் வந்தவர்களுக்கு நாங்கள் இடம் கொடுத்தோம் என்று ஊரில் யாராவது பெருமை பேசினால், இப்போதும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. என் வீடு இன்றைக்கு இருக்கிற இடத்தில் இருக்கிறதென்றால், அந்த இடத்தை எனக்குக் கொடுத்தவர் அந்த அக்காதான்.