கிரீஸ் வைக்காத சக்

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணனூரில் எங்கள் தெரு முழுக்கக் கறிக்குழம்பு மணக்கும்போது எங்கள் வீட்டில் மட்டும் மண்ணெண்ணெய் நாறும். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரைக்குக் கீழே அப்பாவின் மரம் கடையும் ‘லேத்து’ இருந்தது. அதன் ‘சக்’ என்கிற பாகத்தைக் கழற்றிப் பழைய அலுமினியச் சட்டியில் ஊறப்போட்டிருப்பார். எட்டாம் வகுப்பில் இருந்த எனக்கு ஞாயிறு என்றாலே அலுப்பாக வந்தது.

அப்பா பதினெட்டு வருஷம் அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பு கடைந்தவர். கம்பெனியை மூடியபின் ஏழு மாதம் வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்துவிட்டு, ஒருநாள் திடீரென்று இந்த லேத்தைக் கொண்டுவந்து இறக்கினார். அலமாரிக் கதவுக்கான உருண்டைக் குமிழ்களைக் கடைந்து ஆவடியில் ஒரு கடைக்குக் கொடுப்பார். கட்டையைக் கவ்விப் பிடித்துக்கொண்டு சுற்றுவது சக்; கவ்வுகிற மூன்று இரும்புப் பற்களுக்குப் பட்டறைப் பேச்சில் ‘ஜா’ என்று பெயர். சாவி போட்டுத் திருகினால் மூன்றும் ஒன்றாக நடுவை நோக்கி நகர வேண்டும். எங்கள் சக் புதன்கிழமை வரை ஒழுங்காக நகரும், வியாழக்கிழமை முரண்டு பிடிக்கும், சனிக்கிழமை சாவியில் ஒரு பைப்பைச் செருகி அப்பா முழு உடம்பையும் கொடுத்துத் திருகுவார். வலது தோள் ஏற்கெனவே பழுது. தோள் போனால் வேலையும் போகும், அந்த ஏழு மாதம் திரும்பி வந்துவிடும் என்று அம்மா பயந்தாள். எனக்கும் அதே பயம்தான்.

சக்கைப் பிரித்தால் உள்ளே கொசுவர்த்தி மாதிரிச் சுருளாகப் பள்ளம் ஓடும் ஒரு தகடு இருக்கும். அந்தப் பள்ளம் முழுக்க மரத்தூளும் கிரீஸும் குழைந்து களிபோல அடைத்திருக்கும். அதைப் பழைய பல்துலக்கும் பிரஷால் நோண்டி எடுப்பது என் வேலை. எடுத்து முடித்ததும் அப்பா புதிதாகக் கிரீஸை அப்பச் சொல்வார். இரும்புப் பட்டறையில் அப்படித்தான் பழக்கம். அங்கே சக்குக்குக் கிரீஸ் காட்டாதவன் வேலை தெரியாதவன்.

கோளாறு எங்கே என்று அம்மாதான் கண்டுபிடித்தாள். ஒருநாள் தூளைப் பெருக்கியபடியே சொன்னாள்: “ஏங்க, அடுப்பாண்ட கீற ஜன்னலப் பாருங்க. தாளிக்கிற எண்ணெ பட்டுப் பட்டு தூசியெல்லாம் பிசுக்கு ஏறிக் கீது. வாசல் ஜன்னல்ல ஊதினாவே தூசி பறக்குது. உங்க சக்குலயும் கிரீஸ்தான் தூளப் புடிச்சி வெக்குது.”

அப்பா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “பதினெட்டு வருசமா சக்கு கழட்டி மாட்டினு கீறேன். நீ எனக்குச் சொல்லித் தர்றியா?”

அம்மா தூளை முறத்தில் அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அந்தப் பேச்சு அவளுக்கு எங்கே போய்த் தைத்தது என்று அப்பாவுக்குத் தெரிந்த மாதிரி இல்லை.

அடுத்த ஞாயிறு பூந்தமல்லியில் ஒரு சாவு. சக்கைப் பிரித்துப்போட்ட கையோடு அப்பா கிளம்பிப் போனார். கிரீஸ் வைத்து மாட்டிவிடும்படி என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். அம்மா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பழைய புடவைத் துணியால் ஒவ்வொரு பள்ளத்தையும் ஈரம் போகத் துடைத்தாள். கிரீஸ் வைக்காமலே மாட்டினோம். அவசரத்தில் ஜாக்களை வரிசை மாற்றிச் செருகிவிட்டோம்போல. மூன்றும் நடுவில் ஒன்றுசேராமல் ஒன்று மட்டும் தள்ளி நின்றது. பயந்துபோய் மறுபடி கழற்றினோம். ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் எண் பொறித்திருந்தது அப்போதுதான் கண்ணில் பட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று செருகிய பிறகு சேர்ந்தன.

அந்தச் சனிக்கிழமை அப்பா ஒற்றைக் கையால் சாவியைத் திருகினார். கிரீஸை ஒழுங்காக வைத்தால் சக் இப்படித்தான் ஓடும் என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். உள்ளே ரசம் கூட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் ஓடினேன், சொல்லிவிடலாமா என்று கேட்டேன்.

“அவரே ஒருநாள் கேக்கட்டும்” என்றாள். “கேட்டா சொல்றேன்.”

அதன்பிறகு வாராவாரம் டப்பாவிலிருந்து ஒரு விரல் கிரீஸை வழித்துச் செய்தித்தாளில் சுருட்டிக் குப்பையில் போடுவதும் என் வேலையானது. டப்பா குறையாவிட்டால் அப்பா கண்டுபிடித்துவிடுவாராம். தீரத் தீர அவரும் புது டப்பா வாங்கி வைத்தார். பதினோரு வருஷம் இது நடந்தது. தோள் தாங்கியது. அந்த லேத்தில் கடைந்துதான் என்னைப் படிக்கவைத்தார்.

இன்றைக்கு அந்தத் தகரக் கூரையும் இல்லை, வீடும் இல்லை. அங்கே நான்கு மாடி நிற்கிறது. அம்மா போய் இரண்டு வருஷமாகிறது. அப்பா திருநின்றவூரில் என்னோடு இருக்கிறார். போன மாதம், ஆபீஸ் முடிந்து ரயிலில் நசுங்கி வந்த ஒரு சாயங்காலம், இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றி எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன்.

அப்பா டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். “கிரீஸ் இல்லாத சக்கு கை வெச்சாவே தெரியாதாம்மா?” என்றார். “மொத வாரமே தெரியும். அன்னிக்கு அப்படிப் பேசிட்டேன். உங்கம்மா ஒருவாட்டி அவ வாயால சொல்லட்டும், தப்புதான்னு ஒத்துக்கலாம்னு பாத்துனே இருந்தேன். சொல்லாமலே பூட்டா.”

அவர் கேட்கட்டும் என்று அம்மாவும் காத்திருந்ததை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை.