உட்கார்ந்து எழுந்த சேலை

கார்ட்டூன் படத்துக்காக நான் கணினியில் உருவாக்கிய அம்மா பாத்திரத்தின் சேலை பிளாஸ்டிக் போலவே இருந்தது. நாளைக்கும் சரியாக வராவிட்டால் அவளுக்குச் சட்டை மாட்டிவிடுவோம் என்று எங்கள் பூச்சோங் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். எனக்கோ அவளைச் சேலையில்தான் பிடிக்கும். மனைவியின் பருத்திச் சேலை ஒன்றுக்குக் கஞ்சி போட்டு, சுருக்கமில்லாமல் தேய்த்து, படமெடுத்து, அந்தப் படத்தைக் கணினியில் அந்த அம்மாவுக்குப் போர்த்தினேன். அப்போதும் பிளாஸ்டிக்தான்.

கிள்ளானில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ரயிலில் திரும்பிய மனைவி திரையை எட்டிப் பார்த்தாள்.

“இந்த அக்கா சேலை கட்டுனா உட்காரவே மாட்டாங்களா?”

திரும்பி அவளைப் பார்த்தேன். முழங்காலுக்குப் பின்னால் ரயில் இருக்கை விட்டுப்போன சுருக்கங்கள். முந்தானை நுனியில் கை துடைத்துத் துடைத்துக் கசங்கிய ஓர் இடம், சிறு பறவை படுத்து எழுந்த புல் மாதிரி. கேமராவை எடுத்தேன்.

“இதையா? இருங்க லா, தேய்ச்சுக் கட்டிட்டு வரேன்.”

“வேணாம்மா. அப்படியே நில்லு.”

மறுநாள் அலுவலகத்தில், அந்தச் சுருக்கங்களோடு நின்ற அம்மாவைத் திரையில் நெடுநேரம் பார்த்தார்கள்.

“இந்தம்மா எங்கயோ போயிட்டு வந்திருக்காங்க பாஸ்,” என்றார் பக்கத்து மேசைக்காரர்.

சட்டைப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. கிள்ளானுக்குத்தான் என்று நானும் சொல்லவில்லை.