அப்பாவின் சேமநிதியும் நான்காவது மாடியும்

பேருந்தில் நின்றபடி, பக்கத்து இருக்கைக்காரர் விரித்திருந்த செய்தித்தாளை எட்டிப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை எனக்கு வந்தது. சம்பளத்தில் மாதாமாதம் பிடித்து வைக்கும் சேமநிதிப் பணத்தை வைத்து இனி அரசாங்க அடுக்குமாடி வீடு வாங்கலாமாம். ஐம்பத்தைந்து வயது வரை தொடவே முடியாது என்று எல்லோரும் அலுத்துக்கொண்ட பணம். அவர் பக்கத்தைப் புரட்டப் போனார். "அண்ணே, ஒரு நிமிஷம்" என்றேன். பேப்பரை என்னிடமே கொடுத்துவிட்டார்.

சிராங்கூன் சாலையில் ஒரு துணிக்கடையில் எனக்குக் கணக்கெழுதும் வேலை. பள்ளி இறுதித் தேர்வு எழுதிய கையோடு சேர்ந்தது. வீடு செம்பவாங்கில், பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தின் குவார்ட்டர்ஸில். அப்பா அங்கே கப்பல்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். படை மூட்டை கட்டுகிறது என்பது உறுதியான பிறகு, வேலையும் குவார்ட்டர்ஸும் ஒன்றாகவே போகப்போகின்றன என்பதும் தெரிந்துவிட்டது. மேசை வேலைக்காரர்களில் சிலருக்கு மாதாமாதம் பென்ஷன் உண்டு. அப்பாவுக்கு ஒரு தடவை கொடுக்கும் தொகை, அப்புறம் சேமநிதி. சேமநிதி உடனே கைக்கு வர ஒரே வழிதான் இருந்தது: இந்த நாட்டைவிட்டு ஒரேயடியாகப் போகிறேன் என்று எழுதிக்கொடுப்பது. அப்பாவோடு வேலை செய்தவர்கள் பலர் அப்படித்தான் எழுதிக்கொடுத்திருந்தார்கள்.

வீட்டுக்கு ஓடினேன். அப்பா மண்ணெண்ணெய் தொட்டு விரல்களிலிருந்த பெயிண்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஊருல பெரியப்பா பார்த்து வச்சிருக்கிற நிலத்தை விடுங்கப்பா. இங்கேயே வீடு வாங்கலாம்."

"எத்தனாவது மாடி?"

"நாலாவதுன்னு வச்சுக்குங்க."

"நாலாவது மாடிக்குக் கீழே இருக்கிற மண்ணு யாருது?"

"அரசாங்கத்துது. ஆனா தொண்ணூத்தொன்பது வருஷம் நம்ம வீடு."

"அப்புறம்?"

"அப்புறம் நாம எங்க இருக்கப்போறோம்?"

அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். எனக்குத் தெம்பு வந்துவிட்டது. சாகும்வரை வாடகை கொடுக்காமல் இருப்பதும் ஒரு பென்ஷன்தான் என்றேன். நிலம் வாங்கினால் மழையை நம்ப வேண்டும், வட்டிக்கு விட்டால் மனிதரை நம்ப வேண்டும் என்றேன். எவ்வளவு பேசினேனோ, அவ்வளவையும் அப்பா பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரிதான் பாப்பா. அந்த வீட்டை எனக்குக் கொடுப்பாங்களா?"

கொடுக்கமாட்டார்கள். குடியுரிமை உள்ளவர்களுக்குத்தான் வீடு. படித்த எனக்கு அது தோன்றவில்லை. நான் இங்கே பிறந்தவள். அம்மா எல்லைக்கு அந்தப் பக்கம், ஜொகூர் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளச் சொன்ன காலத்தில் குவார்ட்டர்ஸ் பெண்களெல்லாம் ஒரு லாரியில் ஏறிப் போனபோது அவளும் போய்ப் பதிந்துகொண்டாள். "சினிமாவுக்குப் போற மாதிரியில்ல போறாளுக" என்று அப்பா கேலி செய்தாராம். அவர் போகவில்லை. இரண்டு வருஷத்தில் ஊருக்குப் போகப்போகிறவனுக்கு எதற்கு என்று இருந்துவிட்டார். அந்த இரண்டு வருஷத்தை என் வயது முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இப்ப எழுதிப் போடலாம்லா. கிடைக்கிற வரைக்கும் என் சம்பளம் இருக்கு" என்றேன்.

"மக சம்பளத்துல சாப்பிட்டுக்கிட்டு, வேணுமா வேணாமான்னு அவங்க சொல்ற வரைக்கும் உக்காந்திருக்கணுமா? நானும் போறேன்னு கையெழுத்துப் போட்டாச்சு பாப்பா."

அதன் பிறகும் ஊருக்குப் போகும் கப்பல் புறப்படச் சில வாரங்கள் இருந்தன. கையெழுத்தைத் திரும்பப் பெறலாம் என்று விசாரித்து வந்து சொன்னேன். அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. மூன்று பேருக்கும் பயணச்சீட்டு எடுக்க அவர் கிளம்பிய காலையில்தான் அம்மா வாயைத் திறந்தாள்.

"மூணு சீட்டு எடுக்காதீங்க. ரெண்டும் எடுக்காதீங்க, ஒண்ணு போதும்."

அப்பா சட்டைப் பொத்தானைப் பாதியில் விட்டார்.

"நான் அந்த ஊரைப் பார்த்ததுகூட இல்லைங்க. உங்க ஊரு. எனக்கு அங்க யாரைத் தெரியும்? இவ படிப்புக்கு அங்க என்ன வேலை கிடைக்கும்?"

"என்னைத் தெரியாதா?" என்று அப்பா கேட்டார்.

அம்மா அடுப்படிக்குத் திரும்பிப் போனாள். நான் வாசலில் நின்றேன். அப்பா பொத்தானைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். ஒரு சீட்டு எடுத்து வந்தார்.

கப்பலேறும் வாரத்தில் பணம் வந்தது. துறைமுகத்தில், ஒரு பங்கைத் துணியில் முடிந்து அம்மா கையில் வைத்தார். "உன் நாலாவது மாடிக்கு" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். கேலியாகச் சொல்லத்தான் நினைத்திருப்பார். அம்மா அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே இருந்தாள், அழைப்பு வரும்வரை.

இப்போது சிராங்கூன் சாலைச் சந்து ஒன்றில் மாடி அறையில் இருக்கிறோம். வீட்டுக்கார அம்மாள் முதல் நாளே கேட்டாள், "உங்க வீட்டுக்காரர் எங்கே?" "லீவுல ஊருக்குப் போயிருக்கார்" என்று அம்மா சொன்னாள். அந்த லீவு இன்னும் முடியவில்லை. அம்மா ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். முதல் சம்பளத்தில் சேமநிதிக்குப் பிடித்ததைக் காட்டி, "இது என் பேருலயா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அவருகிட்ட சொல்லணும்" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த மாதம் இருவர் பெயரிலும் வீட்டுக்கு மனுப்போடப் போகிறோம். தாயும் மகளும் மட்டும் என்றால் ஒரு குடும்பமாக எடுத்துக்கொள்வார்களா என்று முதலில் கேட்க வேண்டும். ஓர் அறை வீடு போதும் என்கிறாள் அம்மா. நான் மூன்றறைக்குக் கேட்கப்போகிறேன். அங்கிருந்து நேராகக் குடிநுழைவு அலுவலகம். ஒரேயடியாகப் போகிறேன் என்று எழுதிக்கொடுத்த ஒருவர், மனைவியைப் பார்க்க வந்தால் எத்தனை நாள் தங்கவிடுவார்கள் என்று கேட்க வேண்டும்.