யவனத் தலை

என் சித்தப்பாவை நான் பொய்யராக்கினேன். வேண்டுமென்று செய்யவில்லை, ஆனாலும் செய்தது நான்தான்.

கிடர்பூர் துறைமுகத்தில் வேலை பார்த்த அவருக்கு, கல்கத்தாவுக்கு வெளியே வற்றிப்போன ஆற்றங்கரையில் கிடந்த பழைய மண்கோட்டை மேல் பித்து. ரோமாபுரி வணிகர்கள் அங்கே வந்தார்கள் என்று சாதிப்பார். எங்கள் லேக் மார்க்கெட் வீட்டுக்குள் அவர் நுழைந்தாலே அப்பா, "யவன சாஸ்திரிகள் வரார், காபி கொண்டா" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் அழைத்துப் போனார். "ரோமாக்காரன் வியாபாரத்துக்கு இதுதாண்டா கடைசி எல்லை" என்று அந்தக் கோட்டை மேட்டைக் காட்டினார். உருளைக்கிழங்கு என்று நினைத்து நான் உதைத்தது ஒரு மண் தலை. சுருள்முடி, நீண்ட மூக்கு. சித்தப்பா சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பூஜை விடுமுறை முடிந்ததும் ஒரு பேராசிரியர் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அதுவரை பத்திரமாக இருக்கட்டும் என்று சித்தப்பா தலையை எங்களிடம் கொடுத்தார். அம்மா அதைக் கொலுவில் செட்டியாருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

விஜயதசமியன்று தெருப் பையன்கள் துர்க்கையைக் கரைக்க லாரியில் கிளம்பினார்கள். எங்கள் வீட்டில் மட்டும் எதையும் கரைப்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் குறை. வர்ணம் பூசாத அந்தத் தலையை யாரும் தேடமாட்டார்கள் என்று தோன்றியது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு லாரியில் ஏறினேன். ஆற்றுப் படித்துறையில் துர்க்கை வைக்கோல் தெரிய மிதந்தாள். நான் போட்ட மண் தலை கல்போல மூழ்கியது.

வீட்டுக்கு வந்து நான் சொன்னதைக் கேட்டதும் அம்மா கையிலிருந்த பொம்மையை நழுவவிட்டாள். "கொலுப் பொம்மையைப் படுக்கத்தானேடா வைப்பா? ஆத்துல விடுவாளோ?"

பேராசிரியரோடு சித்தப்பா வந்தபோது நானே சொன்னேன்: "விசர்ஜனம் பண்ணிட்டேன், சித்தப்பா."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, நடந்ததை வங்காள மொழியில் பேராசிரியருக்குச் சொன்னார். பேராசிரியர் கேட்டுவிட்டுச் சிரித்தார். எல்லாம் சரியாகிவிட்டது போலும் என்று நானும் சிரித்தேன்.

அவர் போனபின் சித்தப்பா என் தலையைத் தடவி, "அது சுட்ட மண்ணுடா. கரையாது" என்றார். அதற்குப் பிறகு அவர் அந்த மேட்டுக்குப் போகவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், அவர் அஸ்தியை அதே படித்துறையில் நான்தான் கரைத்தேன்.

“கரையாது” என்று அவர் சொன்ன அந்த நாளில், அதை ஆறுதல் என்றே எடுத்துக்கொண்டு, வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கிப்போனேன்.