கோகிலா என் முகத்தைப் பார்த்தாள்

என் பெரிய பேரன் கப்பலில் இன்ஜினியர். பேத்தி வக்கீலுக்குப் படிக்கிறாள். சின்னவன் கேரம் போர்டில் மாவட்டக் கோப்பை வாங்கினான். அஞ்சாவதோடு நின்ற எனக்கு இதைச் சொல்வதில் ஒரு சுகம்.

இன்று திருவொற்றியூரில் எங்கள் நைட்டிக் கடைக்கு வந்த தொழிலாளர் துறை அதிகாரியிடமும் சொன்னேன்.

அவர் சிரித்தார். "பேத்தி சொல்லலியாம்மா? ஆள் வெச்சா அவங்க உக்கார இடம் குடுக்கணும்னு சட்டமே இருக்கு. இங்க உங்க சேர் ஒண்ணுதானே இருக்கு?"

"உக்காந்துகினுதான் இருந்தாங்க சார், உங்களப் பாத்து எந்திரிச்சாங்க" என்று கூசாமல் சொல்லிவிட்டு, துணி மூட்டைக்குப் பின்னால் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

"உட்காரும்மா" என்றார் கோகிலாவிடம். கடையில் நிற்கும் மூன்று பெண்களில் ஒருத்தி, ஆறு வருடமாக என்னிடம் வேலை பார்ப்பவள். சாயங்காலமானால் கால் வீங்கிவிடும்.

அவள் உட்காரவில்லை. உட்காரலாமா என்று என் முகத்தைப் பார்த்தாள்.

அதிகாரியும் என்னைத்தான் பார்த்தார். எனக்குத் தலை நிமிரவில்லை.

அவர் போனதும், "இன்னாடி, உக்காரேன்" என்றேன்.

"பழகிப்பூட்ச்சு ஆயா. நீ பாக்கசொல்லோ உக்காந்தா பேஜாரா கீது."

மத்தியானமே மூன்று ஸ்டூல் வாங்கிவிட்டேன். ஆனால் நான் டீ குடிக்க வெளியே போனால்தான் பெண்கள் உட்காருகிறார்கள். அதனால் இன்று டீயாகக் குடித்துத் தள்ளினேன்.

கடைக்காக இந்த ஃபேஸ்புக் பக்கத்தில் பேத்தி போட்டிருக்கும் போட்டோவில் நான் மட்டும் சேரில். அவர்கள் மூவரும் பின்னால் நிற்கிறார்கள். பேத்தி, நாளைக்கு வந்து புதுசாக ஒன்று எடுத்துப் போடு. நான் நின்றுகொள்கிறேன்.

பழைய போட்டோவுக்குக் கீழே 'சூப்பர் ஆயா' என்று கமெண்ட் போட்டீர்களே, அவர்கள் நிற்பது உங்களில் ஒருத்தர் கண்ணிலுமா படவில்லை?